ஓட்டைத் தட்டுக்கு அடியில்

அந்த ஏர் ஃப்ரையரின் கூடையை வெளியே இழுத்த மாத்திரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, வழக்கம்போல, "ச்சீ". சர்வீஸ் சென்டரில் அவளுக்குப் பெயரே அதுதான். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையோடு சரி. வாசலில் நிற்கும் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் ச்சீக்கா. ஒரு மெஷினைத் திறந்துவிட்டு ச்சீ சொல்லாமல் அவள் மூடினாள் என்றால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

அவள்மேலும் தப்பில்லை. ஜனங்கள் வாசலைத் துடைக்கிறார்கள், கண்ணாடியைத் துடைக்கிறார்கள், வண்டியை நாளுக்கு இரண்டு தரம் துடைக்கிறார்கள். வீட்டு மெஷினைக் கழற்றிப் பார்த்தால்தான் அவர்கள் வண்டவாளம் தெரியும். டோஸ்டருக்குள் கரப்பான் குடும்பம் நடத்தியிருக்கும். கெட்டிலுக்குள் எவனோ முட்டை அவித்து, அது வெடித்து, கழுவாமல் அப்படியே மூடி அனுப்பியிருப்பான். ஒரு ஏர் ஃப்ரையரில் உருகிய காலுறை ஒன்று கம்பிச் சுருளோடு சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரக் காலுறையை உள்ளே வைத்துக் காயவைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! அதைச் சுரண்டி எடுத்த அன்று அவள் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டு கையுறை, ஒன்றின்மேல் ஒன்று. முகக்கவசத்துக்குள் தலைவலித் தைலம் ஒரு சொட்டு. இவ்வளவும் போட்டுக்கொண்டுதான் அவள் எந்தத் திருகாணியிலும் கை வைப்பாள். பக்கத்து மேசை மிக்ஸிக்காரர் இதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. கெட்டுப்போன சட்னி காய்ந்து கிடக்கும் ஜாரைக் கையிலேயே துடைத்துவிட்டு, அதே மேசையில் டிபன் டப்பாவைத் திறப்பார்.

"அங்க பாத்துக்கிட்டே சாப்பிட்டா எறங்காது ச்சீக்கா. வேற பக்கம் பாத்துக்கிட்டுச் சாப்பிடணும்" என்பார். அதைக் கேட்டாலே அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்காது.

இந்த ஏர் ஃப்ரையர் வந்து அலமாரியில் நாலைந்து நாளாகக் கிடந்தது. அவள் விடுப்பில் இருந்த அன்று யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. 'புகை வருகிறது, நாற்றம் வருகிறது' என்று ரசீதில் எழுதியிருந்தார்கள். நாற்றம் என்று எழுதியிருந்தால் அது யாருக்கு ஒதுக்கப்படும்? கேட்கவே வேண்டாம். சூப்பர்வைசர் சிரிக்காமல் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார், மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

கூடைக்குள் எண்ணெய் படியாமல் இருக்கப் போடும் பட்டர் பேப்பர் கிண்ணம். அதன்மேல் மிளகாய்த்தூளும் பூண்டுத்தூளும் கருகிய துணுக்குகள். அதுவரை ஒன்றும் குறையில்லை. பேப்பர் போட்டுச் சமைக்கிற சுத்தக்காரக் குடும்பம் போல என்று நினைத்துக்கொண்டே பேப்பரை எடுத்தாள். கீழே ஓட்டைத் தட்டு. அதைக் கொக்கியால் மாட்டித் தூக்கினாள்.

அடியில் இருந்ததைப் பார்த்து ச்சீ என்றுகூடச் சொல்ல வரவில்லை. விரல் கனத்துக்குக் கருப்பாக ஒரு அடை. தினமும் சூட்டில் வெந்து வெந்து இறுகிப்போன அடை. அதற்குமேல் தோல்போலச் சுருங்கிய துண்டுகள். அதற்கும் மேல் புதிதாகச் சில துண்டுகள், அவற்றின்மேல் வெள்ளைப் பூஞ்சை முடி முளைத்திருந்தது. இடுக்கியால் ஒன்றைத் தூக்கினாள். உருளைக்கிழங்கு. நீளவாக்கில் பிளந்த துண்டு. மேலே இருந்திருக்க வேண்டிய மசாலா துளிகூட இல்லை. முனைகள் வழுவழுவென்று உருண்டிருந்தன. கடித்த தடம் இல்லை. யாரோ அதை வாயில் போட்டு, மசாலாவை மட்டும் சப்பி எடுத்துவிட்டு உமிழ்ந்திருக்கிறார்கள். ஒன்றா இரண்டா, ஒரு படி இருக்கும். சப்பிப் போட்டதன்மேலேயே மறுபடி பேப்பரை விரித்து, மறுபடி கிழங்கு வைத்து, மறுபடி தின்றிருக்கிறார்கள்! காலைச் சாப்பாடு தொண்டை வரை வந்துவிட்டது. கவசத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கழுவுதொட்டிக்கு ஓடினாள்.

வாயைக் கொப்பளித்துத் திரும்பி வந்தபோதுதான் மின்வயரைப் பார்த்தாள். பிளக் பக்கத்தில் பச்சை டேப் சுற்றியிருந்தது. சுற்றியது அவள். கடையில் காட்சிக்கு வைத்திருந்த மெஷின்களை ஊழியர்களுக்குக் கொடுத்தபோது, அவளுக்குக் கிடைத்ததன் வயர் லேசாகக் கீறியிருந்தது. வேறு டேப் இல்லாமல் பச்சையைச் சுற்றி, அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அண்ணன்தான் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அவள் இல்லாத நாளாகப் பார்த்து. அவளிடம் நேராகக் கொடுத்தால் பேச்சு வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா?

"என்னக்கா, தெரிஞ்ச வீட்டு மெஷினா?" என்றார் மிக்ஸிக்காரர், ரொட்டியை மென்றுகொண்டே.

"தெரியாத வீடு" என்றாள். தன் வீட்டுக் குப்பை இது என்று எப்படிச் சொல்வது!

அதைக் கொடுத்ததே அப்பாவுக்காக. அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, எண்ணெய்ப் பதார்த்தம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரம். அப்பாவுக்கோ வறுத்த உருளைக்கிழங்கு என்றால் உயிர். அண்ணியைப் பக்கத்தில் நிறுத்திவைத்து அவளே செய்து காட்டினாள். கிழங்கைத் தோலோடு பிளந்து, பாதி வேகவைத்து, துணியில் ஈரம் போக ஒற்ற வேண்டும். ஈரம் இருந்தால் சொதசொதவென்று போய்விடும். ஒரு கரண்டி எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், மிளகு, கொஞ்சம் அரிசிமாவு. கையால் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்க வேண்டும். நடுவில் ஒருமுறை குலுக்க வேண்டும். எடுத்துக் கடித்தபோது கரக்கென்று சத்தம் கேட்டது, அண்ணி கைதட்டினாள். அப்பா வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு, "பேஷ்" என்றார். அன்றிலிருந்து மாலையில் அப்பாவுக்கு அதுதான் சாப்பாடு. அண்ணனும் அண்ணியும் வேலை முடிந்து அலுத்து வருகிறவர்கள். மெஷினில் போட்டால் அது பாட்டுக்கு வேகும், அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார். தட்டு எப்போதும் காலியாகத்தான் திரும்பி வரும் என்று அண்ணி பெருமையாகச் சொல்வாள்.

அப்பா ஏன் அண்ணன் வீட்டில் இருக்கிறார், இவளோடு ஏன் இல்லை என்பதும் ஊரறிந்த சங்கதிதான். அம்மா போன பிறகு முதலில் இவள் வீட்டுக்குத்தான் வந்தார். இவள் தனியாள். ஒருத்தர் குடித்த டம்ளரில் இன்னொருத்தர் குடிப்பதைப் பார்த்தாலே உடம்பு கூசுகிறவளுக்கு எதற்குக் கல்யாணம் என்று அண்ணன் கேலி பேசியே அந்தப் பேச்சு அடங்கிப்போனது. அப்பா வந்தார். குளியலறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் அவருடைய பல்செட் மிதந்தது. காலையில் காறுவார். சாப்பிடும்போது சப்சப்பென்று சத்தம் வரும். வாயில் ஏதாவது சிக்கினால் பல்செட்டைக் கழற்றி விரலால் வழித்துவிட்டு மறுபடி மாட்டுவார். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு சாப்பிடுவாள். ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. "எனக்கு டூட்டி நேரம் சரியில்லண்ணா, அவரு தனியா கெடக்காரு" என்று சொல்லிக் கொண்டுபோய் விட்டாள். டூட்டி நேரம் காரணம் இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

இப்போது அவளுக்கு அண்ணிமேல் வந்த கோபம் இருக்கிறதே! மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று, மாத்திரை அட்டையைக்கூட இடுக்கியால் எடுத்துக் கொடுக்கிற பெண். வீட்டில் இந்தக் கண்றாவியா? யார் சப்பிப் போட்டார்கள்? அண்ணன் குடித்துவிட்டு வந்து செய்தானா? அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லையே. யாராக இருந்தால் என்ன, கழுவ வேண்டியவர்கள் கழுவவில்லை. இதில் வேகவைத்ததைத்தான் அடைப்புள்ள மனுஷனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மெஷினைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதற்குமேல் இன்னொரு பை சுற்றிக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கைக்காரம்மா மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள். நாற்றம் தன்னுடையதில்லை என்று யாரிடம் சொல்ல? அவமானத்தில் அவள் காது சூடாகிவிட்டது.

அண்ணிக்கு அன்று வார விடுமுறை. கதவைத் திறந்தவள் பையைப் பார்த்ததும், "அதுக்குள்ள சரியாயிடுச்சா? நாலு நாளா தோசைக்கல்லுலதான் மாமாவுக்குக் கெழங்கு வாட்டிக் கொடுக்கறேன்" என்று சிரித்தாள்.

"சரியாகுறதா? இதப் பாருங்க அண்ணி."

அடுப்படி மேடையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கூடையை வைத்து, ஓட்டைத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். அண்ணி குனிந்து பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"ஐயோ, என்ன கர்மம் இது?"

"என்னைக் கேட்டா? உங்க வீட்டு மெஷின். இத ஒருநாளாவது தூக்கிக் கழுவியிருக்கீங்களா?"

"எதுக்குக் கழுவணும்? நான்தான் தெனமும் புதுப் பேப்பர் போடறேனே. எடுக்கறப்போ பேப்பரோட எடுத்துடறேன். கூடை எப்பவும் பளிச்சுன்னுதான இருந்துச்சு." அண்ணி அலமாரியைத் திறந்து பட்டர் பேப்பர் கட்டை எடுத்து மேடையில் போட்டாள். "இந்தா, பாரு. பேப்பர் போட்டா அழுக்கே ஆகாதுன்னு நீதான சொல்லிக் கொடுத்த?"

சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அதற்காக அடியைப் பார்க்கவே கூடாது என்றா சொன்னாள்?

"அதெல்லாம் இருக்கட்டும். யாரு சப்பித் துப்புனது?"

"என்ன சப்பறது? என்ன துப்பறது?"

"இது வாயில போட்டு எடுத்தது அண்ணி. எனக்குத் தெரியாதா? எச்சில். எச்சிலுக்கு மேலேயே எங்கப்பாவுக்குச் சமைச்சுப் போட்டிருக்கீங்க."

அண்ணியின் முகம் கறுத்துப்போனது. "வாய அளந்து பேசு. உங்கப்பாவ நான் எப்படிப் பாத்துக்கறேன்னு அக்கம்பக்கத்துல கேளு. வேல விட்டு வந்து கால்கூடக் கழுவாம அவருக்குக் கெழங்கு நறுக்கறேன்."

அடுப்படி வாசலிலிருந்து பார்த்தால் கூடத்து ஜன்னலோரம் அப்பா நாற்காலியில் இருப்பது தெரிந்தது. சத்தம் கேட்டிருக்கும். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் வந்தபோது, "வா பாப்பா" என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னதோடு சரி. கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டும் பத்தவில்லை போலிருக்கிறது. போன தடவை பார்த்தபோது, "ஒடம்பு நல்லா எளைச்சிருக்குப்பா, நெஞ்சுக்கு நல்லது, இப்படியே இருங்க" என்று அவள் பாராட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அண்ணியோடு இன்னும் நாலு வார்த்தை பேசுவதற்கு வாயெடுத்தவள் நிறுத்தினாள். கூடையை மூடி, பையில் போட்டுக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அந்த வாடை போகவில்லை. அவளுடைய மூக்கு ஏமாறாது. ஊறிய கிழங்கும் வாய் நாற்றமும் சேர்ந்த அதே வாடை. இது மெஷினிலிருந்து வரவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே கூடத்தைக் கடந்து அப்பாவின் அறைக்குள் போனாள். கட்டில், மடித்த போர்வை, மாத்திரை டப்பா. எல்லாம் சுத்தம். கட்டிலுக்கு அடியில் அப்பாவுடைய பழைய பூட்ஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தூக்கிப் போட மாட்டேன் என்று வைத்திருக்கும் தடித்த தோல் பூட்ஸ். அதன் வாயில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தது.

காகிதத்தை உருவினாள். உள்ளே கிழங்குத் துண்டுகள். வெள்ளையாக, ஈரமாக, முனை உருண்டு.

பூட்ஸைக் கீழே போட்டாள். ஒரு துண்டு உருண்டு வந்து கட்டில் காலில் முட்டி நின்றது. பின்னால் அண்ணி வந்து நின்றிருந்தாள். அவளுக்கும் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்பா.

அப்பாதான் முதலில், வாய்மேல் கையை வைத்தபடியே, "மெஷினு இல்லாததால அதுல வெச்சேன்" என்றார். "நாளைக்குக் கீழ போறப்போ கொட்டிடலாம்னு."

"மெஷின்ல வெச்சது நீங்களாப்பா?"

"அது எரிஞ்சுடும்னு நெனச்சேம்மா."

அவர் ஆஸ்பத்திரியில் உலைக்காரராக இருந்தவர். கட்டுத்துணி, பஞ்சு, அறுவைக் கழிவு, யாரும் தொட அஞ்சுகிற எல்லாவற்றையும் உலைக்குள் தள்ளி எரிப்பதுதான் அவர் வேலை. ஆயுசு முழுக்க அந்த வேலை. மதியம் மிஞ்சின சாப்பாட்டையும் அந்த உலையில்தான் போடுவார்களாம். உள்ளே போனது எதுவும் மிச்சம் வந்ததில்லை. மகள் கொண்டுவந்து வைத்த மெஷினும் உள்ளே கம்பி சிவக்கிற மெஷின். ஓட்டைத் தட்டுக்கு அடியில் கையளவு இடம் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். அண்ணி குளிக்கப் போகிற நேரம் பார்த்து, சப்பின கிழங்கைக் கொண்டுபோய் அதற்கு அடியில் தள்ளிவிட்டு, மறுநாள் சூட்டில் சாம்பலாகிவிடும் என்று நம்பியிருக்கிறார்.

"குப்பையில போட்டிருக்கலாமே மாமா" என்றாள் அண்ணி.

"நீ பாத்துடுவியே. இவ்ளோ கஷ்டப்பட்டு செய்யறன்னு இருக்கும்ல. கக்கூஸ்ல ஒருக்கா போட்டேன், அடைச்சுக்கிச்சு. ஆள வெச்சு எடுத்தீங்களே, அது நான்தான்."

"மெல்ல முடியலன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? அப்போ தெனமும் ராத்திரி பசியோடயா படுத்தீங்க?"

"பசின்னு இல்ல. மசாலா நல்லா இருக்கும்மா. உப்பு ஒறப்பு எல்லாம் கச்சிதமா போடற. அதச் சப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டுப் படுத்துடுவேன்." அவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்கிற தோரணை இல்லை. "பல்லு லூஸாயிடுச்சு. போட்டா அறுக்குது. வாய்க்குள்ள புண்ணு. அதெல்லாம் காட்டுனா பாக்கறவங்களுக்குக் கொமட்டும்ல. உனக்குக் கொமட்டுற மாதிரிதான அவங்களுக்கும்?"

அண்ணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே இவள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கோ. நல்லாக் கேட்டுக்கோ. என்னைக் கேக்க வந்தியே! உனக்கு அப்பா வேணும், அப்பாவோட எச்சில் மட்டும் வேணாம். மெஷினக் கொடுத்துட்டுப் போயிட்ட. மாசத்துக்கு ஒருக்கா வந்து கதவோரமா நின்னு நலம் விசாரிச்சுட்டுப் போற. ஒருநாள் அவரோட ஒக்காந்து சாப்பிட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"நீங்க மட்டும் ஒக்காந்தீங்களா?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் நியாயம்தான். அண்ணியும் தட்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவள்தான், அண்ணனும் டிவியைப் பார்க்கிறவன்தான். கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்த மனுஷன் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

"ஒக்காருங்கப்பா" என்றாள். "வாயத் தெறங்க. பாக்கணும்."

"வேணாம் பாப்பா. நல்லா இருக்காது."

"தெறங்க."

வேலைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். கையுறையையும் எடுத்து மாட்டிக்கொண்டாள், இரண்டு அல்ல, ஒன்று. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதற்குள் பல்செட், நூலும் தூசியும் ஒட்டிக்கொண்டு. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வெடித்துவந்த வாடையில் அவள் முகம் தானாகத் திரும்பியது. மெனக்கெட்டு மறுபடி அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ மெஷினுக்குள் அடித்துப் பார்த்த அதே டார்ச்சை வாய்க்குள் அடித்தாள். கீழ் ஈறில் ஓரமாக நகக்கண் அளவுக்கு வெள்ளையாகப் புண். சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. கிழங்கின் ஓரம் இதில்தான் உரசியிருக்கும். கரக்கென்று சத்தம் வர வேண்டும் என்று அவள் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த அந்த ஓரம்! தூ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள், நம்பின மாதிரி தெரியவில்லை.

அடுப்படிக்குப் போய் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, கிழங்கை எடுத்தாள். தோலைச் சீவி, குழைய வேகவைத்தாள். மத்து எங்கே என்று அண்ணியிடம் கேட்கப் பிடிக்கவில்லை. கையாலேயே மசித்தாள். விரலிடுக்கில் சூடாக, கொழகொழவென்று பிதுங்கியது. இந்த உணர்ச்சியே அவளுக்கு ஆகாது. பாலை ஊற்றிக் கரைத்து, உப்பு போட்டாள். மிளகாய்த்தூள் புண்ணில் எரியும் என்று டப்பாவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிறகு மனசு கேட்காமல் பூண்டுத்தூளை மட்டும் ஒரு சிட்டிகை தூவினாள். அந்த மனுஷனை இத்தனை நாள் படுக்கைக்கு அனுப்பியது அந்த வாசனைதானே.

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் அண்ணி, கண் வீங்கி. அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கே நினைவில்லை, அவரோடு ஒரே மேசையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தாள் என்று. முதல் கரண்டியை அப்பா வாயில் வைத்தார். கண்ணை மூடினார். சப்சப்பென்று அந்தச் சத்தம். அவள் காதுக்குப் பின்னால் மயிர்க்கால் குத்திட்டது. அசையாமல் இருந்தாள். இரண்டாவது கரண்டி. மூன்றாவதை அவசரமாக, அரக்கப் பரக்க. அவர் சாப்பிடுகிற வேகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடுவில் அவர் தாடை நின்றது. சீவும்போது தப்பின தோல் துணுக்கு ஏதோ புண்ணில் போய் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். முகம் சுருங்கியது. நாக்கால் தள்ளிப் பார்த்தார், வரவில்லை. விரல் வாய்வரை போய் அப்படியே இறங்கிவிட்டது. கண் மட்டும் அலைந்தது. அடுப்படிப் பக்கம் போனது, மெஷின் இருந்த மேடையில் காலியிடம். அறைப் பக்கம் போனது. எங்கே ஒளிப்பது என்று தேடுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் உள்ளங்கையை அவர் தாடைக்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்க."

அவர் தலையை ஆட்டினார். வாயை மூடியபடியே, "கையிலயா?" என்றார்.

"கையிலதான்."

"உனக்குக் கொமட்டும் பாப்பா."

"கொமட்டட்டும்."

அண்ணி மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு குனிந்து, விரலை வாய்க்குள் விட்டு நோண்டி, துப்பினார். வெதுவெதுவென்று, எச்சில் நூலோடு, பூண்டு வாசனையோடு உள்ளங்கையில் வந்து விழுந்தது. "ச்சீ" என்று அவள் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

அப்பா வெடுக்கென்று நிமிர்ந்து, வாய்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அவள் மூச்சை இழுத்து, எழுந்த குமட்டலை மென்று விழுங்கினாள். மற்றக் கையால் அவர் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். நீட்டிய கை அங்கேயேதான் இருந்தது, அந்தத் துணுக்கோடு.

"இன்னும் இருக்காப்பா? பாருங்க."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தபடியே, வாய்க்குள் நாக்கை மெல்லச் சுழற்றித் தேடத் தொடங்கினார்.